திடலில் பன்னிரு சிறுமியர்: காற்பந்துப் பயிற்சி தந்த பாடம்



மாலை நான்கு மணிக்கு நம் பள்ளித் திடலில் பந்து உருளும் ஓசை நமக்குப் புதியதன்று. ஆயினும் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல் அப்பந்தின் பின்னே ஓடிய கால்கள் புதியவை. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பயின்ற சிறுமியர் பன்னிருவர் காற்பந்துக் குழுவாக அமைந்து, மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டனர். அவர்கள் கோப்பை எதையும் கொண்டுவரவில்லை. ஆயினும் அப்பருவத்தில் பயிற்சிப் பொறுப்பேற்ற ஆசிரியர் இருவராகிய நாங்கள் செய்தவற்றையும், செய்த ஒரு பெரும் பிழையையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறோம். இனி இப்பொறுப்பை ஏற்போருக்கும், தம் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

பெண்பிள்ளைகளுக்குக் காற்பந்து எதற்கு?

குழு அமைக்கத் தொடங்கிய நாளில் எங்கள் காதில் விழுந்த முதல் வினா இதுவே. அக்கேள்வியைக் கேட்டவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. காற்பந்தென்றால் ஆண்பிள்ளைகளின் ஆட்டம் என்று நெடுங்காலமாகப் பழகிவிட்டோம். ஆனால் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆடவர் போர்முனைக்குச் சென்றனர். மகளிர் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். பிரஸ்டன் நகரில் அத்தகைய தொழிற்சாலை ஒன்றின் மகளிர் அமைத்த டிக் கெர் குழுவின் ஆட்டத்தைக் காண, 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூல் நகரத் திடலில் ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் திடல்களில் மகளிர் விளையாடுவதைத் தடை செய்தது. காற்பந்து மகளிர்க்கு ஏற்றதன்று என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. அத்தடை 1971ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று. மகளிர்க்கு அந்த ஐம்பது ஆண்டுகளில் இல்லாமற்போனது திறமையன்று, திடலே என்பதை நாம் உணரவேண்டும்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கித் தொடங்கவில்லை. 1968இல் ஆசிய மகளிர் காற்பந்துக் கூட்டமைப்பு தோன்றியபோது அதை நிறுவிய நாடுகளுள் மலேசியாவும் சிங்கப்பூரும் இருந்தன. 1975இல் ஹாங்காங்கில் நடைபெற்ற முதல் ஆசிய மகளிர் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றது. 1995ஆம் ஆண்டு சியாங் மாய் நகரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் நம் மகளிர் வெள்ளிப் பதக்கம் வென்றனர். ஆகவே, நம் சிறுமியர் திடலில் இறங்கியது புதுமையன்று. முன்பே இருந்த ஒரு பாதையில் அவர்கள் கால்வைத்தனர், அவ்வளவே.

குழு அமைந்த விதம்

சிறிய பள்ளியில் ஆட்டக்காரரைத் "தேர்ந்தெடுத்தல்" என்பது பெயரளவே. வர விரும்பிய அனைவரையும் சேர்த்துக்கொண்டோம். ஆறாம் ஆண்டில் ஐவர், ஐந்தாம் ஆண்டில் நால்வர், நான்காம் ஆண்டில் மூவர் ஆகப் பன்னிருவர் வந்தனர். போட்டியோ ஒன்பதின்மர் ஆட்டம். எனவே மாற்று ஆட்டக்காரர் மூவர்தாம் எஞ்சினர். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி உறவினர் திருமணத்திற்குச் சென்றுவிட்டாள் என்றால் குழு நொண்டத் தொடங்கிவிடும்.

பிள்ளைகளைவிடப் பெற்றோரைத் திடலுக்கு அழைத்துவருவதே முதல் வேலையாயிற்று. செம்பனைத் தோட்டத்தில் விடியுமுன்னரே பெரட்டுக்குச் செல்லும் பெற்றோர் களைத்து வீடு திரும்பும் நேரத்தில், மூத்த பெண்ணே சோறு வடித்துத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்கிறாள். அந்நேரத்தில் அவளைத் திடலுக்கு அழைத்தால் வீட்டு வேலை யார் தலையில் விழும்? இதனை நேரில் சென்று பேசினோம். பயிற்சி செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாள் மட்டுமே, மாலை 4.00 மணிக்குத் தொடங்கி 5.15க்கு முடியும், இருட்டுமுன் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு வாசலை அடைவாள், தம்பி தங்கையரையும் அழைத்துவந்து மரநிழலில் அமர்த்தலாம், பெற்றோரில் ஒருவர் முறை வைத்துத் திடலுக்கு வருவார். இந்த ஏற்பாட்டைச் சொன்ன பின்னர்ப் பன்னிரண்டு வீடுகளும் இசைந்தன.

அக்கூட்டத்தில் நாங்கள் இன்னொரு வாக்குறுதியும் அளித்தோம்: "பயிற்சிக்குத் தவறாமல் வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமாவது திடலில் நிற்பாள்." இதன் கணக்கு எளிது. ஆறு பேர் முழு நேரமும் ஆடுவர். எஞ்சிய ஆறு பேரில் மூவர் முற்பாதியும் மூவர் பிற்பாதியும் ஆடுவர். இவ்வாக்குறுதியை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் திரும்ப வருவோம்.

பயிற்சியின் முறை

பந்து, சிறுமியரின் காலுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். பெரியவர் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எடை 410 முதல் 450 கிராம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆடும் நான்காம் எண் பந்து அதனினும் சிறியது; அதன் எடை 350 முதல் 390 கிராம் வரையே. எங்களிடம் இருந்த பழைய பந்துகள் பெரியவை. அவற்றை உதைத்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பாதம் வலிப்பதாகச் சொன்னார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நான்காம் எண் பந்துகள் ஐந்தினை வாங்கித் தந்தது. கூம்புகளுக்குப் பதிலாக மணல் நிரப்பிய நீர்ப்புட்டிகளை நட்டோம். ஆண்பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன காலணிகளை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தோம்.

எழுபத்தைந்து நிமிடத்தை நான்காகப் பகுத்தோம். முதல் பதினைந்து நிமிடம் உடலைச் சூடேற்றும் பயிற்சி: ஓடி நிற்றல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை காத்தல், குதித்து முழங்காலை மடக்கி இறங்குதல், விழும்போது உருளுதல். இதனை வெறுஞ் சடங்கென்று எண்ணிவிடலாகாது. ஏழு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள சிறார்க்கென அமைந்த இத்தகைய பயிற்சித் திட்டம் ஒன்றைச் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் குடியரசு ஆகிய நான்கு நாடுகளில் ஆராய்ந்தனர். அதனைச் செய்த குழுக்களில் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று 2018இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது.

அடுத்த இருபது நிமிடம் பந்தைக் கையாளும் திறன். உட்பாதத்தால் பந்தை அனுப்புதல் இதன் அரிச்சுவடி. ஊன்றிய கால் பந்தின் பக்கத்தில் இருக்கவேண்டும். அதன் விரல்கள் பந்து செல்லவேண்டிய திசையைப் பார்க்கவேண்டும். உதைக்கும் காலின் கணுக்கால் தளராமல் இறுகியிருக்கவேண்டும். இம்மூன்றையும் இருவர் இருவராக எதிரெதிரே நின்று நாளொன்றுக்கு நூறு முறை செய்தனர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது எங்கள் திடலில் பொய்க்கவில்லை. ஆறாம் வாரத்தில், நான்காம் ஆண்டுச் சிறுமியும் பத்து மீட்டர் தொலைவுக்குப் பந்தை நேராக அனுப்பினாள்.

அதனையடுத்து இருபத்தைந்து நிமிடம் சிற்றாட்டம்: மூவருக்கு மூவர் அல்லது நால்வருக்கு நால்வர். பெரிய திடலில் அனைவரும் ஒன்றாக ஆடினால் வல்லவர் இருவர் காலிலேயே பந்து தங்கிவிடும். கூச்சமுடைய பிள்ளை ஓரத்தில் நின்று பொழுதைக் கழிப்பாள். சிற்றாட்டத்திலோ ஒளிய இடமில்லை. எல்லாக் கால்களுக்கும் பந்து வந்து சேரும். எஞ்சிய பதினைந்து நிமிடம் முழுத் திடலில் ஆட்டம்.

தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் தேனீக்கள்போல் பந்தையே மொய்த்தனர். "பரவி நில்லுங்கள்" என்று நாங்கள் கூவியது காற்றோடு போயிற்று. பின்னர்த் திடலை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகக் கயிற்றால் பிரித்து, "உன் பட்டையை விட்டு வெளியே வராதே" என்றோம். மூன்று வாரத்தில் கயிற்றை எடுத்துவிட்டோம். கயிறு பிள்ளைகளின் மனத்தில் நின்றது. கோல் காவலருக்கு முன்னே தற்காப்பில் மூவர், மத்தியத் திடலில் மூவர், தாக்குதலில் இருவர் என்பது எங்கள் அமைப்பாயிற்று.

பந்தைத் தலையால் முட்டுதலை நாங்கள் கற்பிக்கவில்லை. வளரும் மூளையைக் காக்கும்பொருட்டு அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பு 2015இல் பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளோர்க்கு அதனை விலக்கியது. 2020இல் இங்கிலாந்தும் தொடக்கப்பள்ளி வயதினர் பயிற்சியில் தலைமுட்டு வேண்டா என்று நெறி வகுத்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்நெறியே தகும்.

நம் நாட்டு வெயிலுக்கும் இடிக்கும் தனி விதிகள் வேண்டும். பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை அனைவரும் நீர் அருந்தவேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருத்தல் கூடாது. இடி முழக்கம் காதில் விழுந்தால் அந்நொடியே திடலை விட்டுப் பள்ளிக் கட்டடத்திற்குள் செல்லவேண்டும், மரத்தடியில் ஒதுங்கலாகாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே மீண்டும் இறங்கவேண்டும். இவ்விதியால் நாங்கள் நான்கு நாள் பயிற்சியை இழந்தோம். அதற்காக வருந்தவில்லை.

நான்கு ஆட்டங்கள்

எங்கள் பிரிவில் ஐந்து பள்ளிகள். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு ஆட்டங்கள். ஓர் ஆட்டம் பதினைந்து நிமிடமாக இரு பாதிகள். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. முதலிரு இடங்களைப் பெறும் குழுக்கள் அரையிறுதிக்குச் செல்லும்.

முதல் ஆட்டத்தில் 5-0 எனத் தோற்றோம். எதிர்க்குழுவினரின் உயரத்தையும் அவர்கள் அணிந்திருந்த புதுக் காலணிகளையும் கண்டபோதே நம் பிள்ளைகள் பாதி தோற்றுவிட்டனர். வீடு திரும்பும் வழியில் கோல் கணக்கைப் பற்றி நாங்கள் பேசவில்லை. "இன்று நாம் நன்றாகச் செய்த செயல் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். பன்னிரண்டு விடைகள் கிடைத்தன. இரண்டாம் ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. நம் முதல் கோலைக் கண்டு, முறைக்கு வந்திருந்த பெற்றோர் திடலுக்குள்ளேயே ஓடிவந்துவிட்டனர். நடுவர் சிரித்துக்கொண்டே அவர்களை வெளியே அனுப்பினார்.

மூன்றாம் ஆட்டத்தில் நாங்கள் பிழை செய்தோம். முற்பாதியில் 1-0 என முன்னணியில் இருந்தோம். வாக்குறுதியின்படி பிற்பாதியில் மாற்று ஆட்டக்காரர் மூவரும் இறங்கியிருக்க வேண்டும். வெற்றி கைக்கெட்டிய தொலைவில் நின்றதால் எங்கள் மனம் தடுமாறிற்று. ஒருத்தியை மட்டும் இறக்கினோம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியும் முப்பது நிமிடமும் பலகையிலேயே அமர்ந்திருந்தனர். 1-0 என்றே வென்றோம். பேருந்தில் எல்லாரும் பாடினர். பின்னிருக்கையில் அவ்விருவரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் கண்டோம்; கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவ்விருவரும் பயிற்சிக்கு வரவில்லை. வியாழனும் வரவில்லை. அன்று மாலையே அவர்தம் வீடுகளுக்குச் சென்றோம். நான்காம் ஆண்டு மாணவியின் தாயார் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் எங்கள்மீது சினங்கொள்ளவில்லை. தேநீர் கலக்கித் தந்துவிட்டு மெல்லச் சொன்னார்: "முதல் நாள் ராத்திரியே சட்டையைத் துவைச்சுக் காத்தாடிக்குக் கீழே காயப் போட்டா டீச்சர். ஆட்டம் முடிஞ்சு வந்தப்போ அதுல ஒரு பொட்டு மண்ணு இல்ல. 'ஏம்மா, நீ விளையாடலையா'ன்னு கேட்டேன். பதிலே சொல்லல."

மண் படாத அச்சட்டை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களிடமும் பதில் இல்லை.

மறு பயிற்சி நாளில் பன்னிருவரையும் வட்டமாக அமர்த்தி, வாக்குத் தவறியவர்கள் நாங்களே என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது மதிப்பைக் குறைக்கும் என்று நினைப்போர் உண்டு. அன்று எங்கள் மதிப்புக் குறைந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. பின்னர், ஆட்ட நேரக் கணக்கை எழுதும் பொறுப்பை எங்களிடமிருந்து எடுத்து ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கொடுத்தோம். யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதை அவள் ஒரு பயிற்றேட்டில் குறிப்பாள். அப்பயிற்றேட்டை எவரும் பார்க்கலாம்.

நான்காம் ஆட்டத்தில் வென்றால் அரையிறுதி. முற்பாதி 1-1 என முடிந்தது. பயிற்றேட்டுக்காரி எங்கள் முகத்தைப் பார்த்தாள். மூவரையும் இறக்கினோம். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில், அந்நான்காம் ஆண்டுச் சிறுமி தற்காப்பில் உதைத்த பந்து தவறி எதிர்க்குழுவின் காலுக்குச் சென்றது, அது கோலாயிற்று. 2-1 எனத் தோற்றோம். நான்கு புள்ளிகளோடு பிரிவில் மூன்றாம் இடம் பெற்றோம். அரையிறுதி இல்லை.

அந்தக் கோல் விழுந்த நொடியில் அச்சிறுமி அசையாமல் நின்றாள். குழுத் தலைவி வலைக்குள் சென்று பந்தை எடுத்துவந்து, அவளது தோளில் ஒரு தட்டுத் தட்டி, "வா, இன்னும் நேரமிருக்கு" என்று அழைத்துச் சென்றாள். அச்சொல்லை நாங்கள் கற்பிக்கவில்லை.

நாம் பெறும் பாடம்

"அன்று அவளை இறக்காமல் இருந்திருந்தால் அரையிறுதிக்குச் சென்றிருக்கலாமே?" என்று கேட்ட பெற்றோர் உண்டு. சென்றிருக்கலாம், செல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் இதனை எண்ணிப் பாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவியர் ஐவர் அவ்வாண்டோடு இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டனர். எஞ்சிய எழுவரே அடுத்த ஆண்டுக் குழுவின் முதுகெலும்பு. பலகையில் அமர்த்தப்பட்ட பிள்ளை திடலுக்கு வருவதை நிறுத்திவிட்டால், இன்றைய வெற்றிக்காக நாளைய குழுவையே விற்றவர்கள் ஆவோம். 2025இல் அவ்வெழுவரும் திரும்பி வந்தனர்; புதியவர் அறுவரும் சேர்ந்தனர். தவறாக உதைத்த அச்சிறுமி இப்போது இடக்காலாலும் பந்தைத் திருப்பக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, சிறுமியர் குழுவைப் பயிற்றுவிக்க முன்வருவோர் நினைவிற் கொள்ளவேண்டியவை இவை:

1. முதலில் வீட்டுக்குச் செல்லுங்கள். பிறகு திடலுக்குச் செல்லுங்கள். பெற்றோரின் நேரத்தை அறியாமல் பயிற்சி நேரத்தை வகுக்காதீர்கள்.

2. பந்து, காலணி, தண்ணீர், நிழல் ஆகிய நான்கையும் உறுதிசெய்த பின்னரே திறனைப் பற்றிப் பேசுங்கள்.

3. வல்லவர்க்குப் பந்து தானே வரும். கூச்சமுடையவளுக்குப் பந்து வரும்படி ஆட்டத்தை அமையுங்கள்.

4. நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை அளிக்காதீர்கள். அளித்துவிட்டால், வெற்றி தோல்வி பாராது காப்பாற்றுங்கள். அதன் கணக்கைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

மாணவியரே! உங்களுள் எவருக்கேனும் "எனக்கு ஆட வராது" என்ற எண்ணம் இருக்குமாயின், செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குத் திடலுக்கு வாருங்கள். மாணவர்களே! உங்கள் தங்கை திடலுக்குச் செல்லும் நாளில் சோற்றை நீங்கள் வடியுங்கள். அதுவும் அக்குழுவில் ஆடுவதே ஆகும்.

பெற்றோர்களே! உங்கள் மகள் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, "வென்றீர்களா?" என்று கேட்குமுன் அவளது சட்டையைப் பாருங்கள். அதில் மண் படிந்திருந்தால் மகிழுங்கள். படியாதிருந்தால், தயங்காமல் எங்களிடம் வந்து கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.